அதிகாரம் ஓரிடம், தண்டம் ஓரிடமா?

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டில் சிலருக்கு உடல் நடுங்குகின்றது. அவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. “பிறநாடுகளுடன் உடன்படிக்கை செய்வது மத்திய அரசாங்கம், அதை மீறுவது மாநில அரசாங்கம். அப்படியானால் உலகின் முன் பதில் சொல்வது யார்? தலையில்லா உடலாகிவிடாதா நாடு?” என்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடையே இல்லை என்று மக்களை நம்பவைப்பது நியாயமன்று. ஐரோப்பிய நாடுகள் காசைக் கொட்டிக் கொடுத்தே இதற்கு விடை கண்டுள்ளன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கம் பெற்ற நாடுகள், தத்தம் பாராளுமன்றங்களின் சட்டத்துக்கும் மேலான ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட உடன்பட்டவை. அச்சட்டத்தை மீறியதோடு, லக்சம்பேர்க் நகரிலுள்ள ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பையும் நிறைவேற்றாத நாட்டின்மீது பணத்தண்டம் விதிக்க 1992ஆம் ஆண்டு மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை வழிசெய்தது. முதன்முதல் தண்டம் கட்டிய நாடு எது? கிரேக்கம். கிரீற் தீவிலே குப்பைகூளங்களை ஒழுங்காக அகற்றத் தவறியமைக்காக, நாளொன்றுக்கு 20,000 யூரோ வீதம் கட்டுமாறு 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. கிரேக்கம் சமஷ்டி நாடன்று, ஒற்றையாட்சி நாடு! சட்டமீறல் சமஷ்டியின் பிள்ளை என்போர் இதை மனத்திற் கொள்வார்களாக.

உள்நாட்டில் அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கின்றது என்பதை அந்நீதிமன்றம் ஒரு சாட்டாக ஏற்பதில்லை. பாராளுமன்றம் கலைந்தமையால் வரிச்சட்டத்தைத் திருத்த முடியாது போயிற்று என்று பெல்ஜியம் வாதாடியபோது, அரசின் எந்த உறுப்பு தவறிழைத்தாலும் அரசே பொறுப்பாளி என 1970ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பின்னர் பெல்ஜியம் சமஷ்டி நாடாயிற்று. அப்போதும் விதி மாறவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிப்பது அந்நாட்டிலே பிராந்தியங்களின் கடமை. அக்கடமை நிறைவேறாமையால் 2013ஆம் ஆண்டில் பெல்ஜியம் என்ற அரசின்மீது 1 கோடி யூரோ தண்டம் வீழ்ந்தது. 2019ஆம் ஆண்டிலோ, அதிவேகத் தொடர்பு வலையமைப்புகள் பற்றிய விதிகளைத் தலைநகர்ப் பிராந்தியமான பிரசெல்ஸ் முற்றாகச் சட்டமாக்காத குறைக்காக, நாளொன்றுக்கு 5,000 யூரோ விதிக்கப்பட்டது. ஒன்றியத்தின் ஆணைக்குழு வீற்றிருக்கும் நகரமே அது!

ஆகவே வெளியுலகின் முன் சமஷ்டி நாடு ஒரே நாடுதான். அதற்கு ஒரே வாய்தான். தலையில்லா உடல் என்ற பூச்சாண்டி இத்துடன் ஒழிக.

இனி எழுவதே மெய்யான கேள்வி. வெளியே அரசு கட்டிய தண்டத்தை உள்ளே எவர் தோளில் ஏற்றுவது? எல்லோரும் சுமப்பதென்றால் பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்றாகும். மத்தியே முழுவதையும் சுமப்பதென்றால் மாநிலங்கள் பொறுப்பின்றித் திரியும். மத்தி தன் விருப்பப்படி மாநிலத்தின் தலையிற் கட்டுவதென்றால், சுயாட்சி என்பது வெறும் பெயராய்ப் போகும்.

ஜேர்மனி இதனை 2006ஆம் ஆண்டில் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. எவருக்கு அதிகாரமோ அவருக்கே சுமை என்பது பொதுவிதி. ஒன்றியம் தான் வழங்கிய நிதியை வெட்டித் திருத்தும்போது அது பல மாநிலங்களைத் தொடுமாயின், நூற்றுக்கு 15 பங்கு மத்திக்கு. 35 பங்கு எல்லா மாநிலங்களுக்கும் பொது. 50 பங்கு தவறிழைத்த மாநிலங்களுக்கு, அவை பெற்ற நிதியின் அளவுப்படி. மாநிலங்களின் சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றி அந்த அரசியலமைப்பைத் திருத்தல் இயலாது. சுமக்கப் போகின்றவர்களின் சம்மதத்துடன் பிறந்த விதி அது.

ஒஸ்திரியாவில் வேறொரு முறை. மாநிலம் தவறியதென ஒன்றிய நீதிமன்றம் கண்டால் அவ்விடயத்தில் சட்டமியற்றும் அதிகாரம் மத்திக்குச் செல்லும். மாநிலம் தன் கடமையைச் செய்ததும் மத்தியின் சட்டம் செயலிழக்கும். பறிப்பதற்கும் ஓர் எல்லை வகுத்திருக்கின்றார்கள்.

ஸ்பெயினைப் பாருங்கள். பாஸ்க் மாகாணங்கள் அளித்த வரிச்சலுகைகளின் பொருட்டு 2014ஆம் ஆண்டில் அந்நாட்டின்மீது 3 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. இத்தகைய தண்டத்துக்கு எந்தப் பிராந்தியம் எவ்வளவு பொறுப்பென்று, அதன் விளக்கத்தைக் கேட்டபின், அங்கே தீர்மானிப்பது யார்? மத்தியின் மந்திரிசபை! அதற்கென 2013ஆம் ஆண்டில் அது தானே ஒரு கட்டளையும் பிறப்பித்துக்கொண்டது. மத்தியும் தவறிலே பங்காளியாயிருக்கக்கூடிய வழக்கில், வழக்காளியே நீதியாசனத்தில் அமர்வதா? பின்னர் நீதிமன்றம் ஏறலாம் என்பது, வேலியே பயிரை மேய்ந்தபின் காவற்காரனைத் தேடுவது போன்றதே.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிபு ஒன்று. அதிகாரமும் அதற்கேற்ற நிதியும் எங்குள்ளனவோ, தண்டமும் அங்கேயே சேரவேண்டும். அதைப் பங்கிடும் அளவுகோல் முன்கூட்டியே அரசியலமைப்பில் எழுதப்படவேண்டும். பிணக்கு எழுந்தால் தீர்ப்பது சுதந்திரமான நீதிமன்றமாதல் வேண்டும். அதிகாரத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு பழியை மட்டும் பகிர்ந்தளிப்பது சமஷ்டியுமன்று, நீதியுமன்று.

சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017ஆம் ஆண்டில் நமது உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. ஆதலால் சமஷ்டியை எதிர்ப்போர் இனிப் புதிய அச்சங்களைத் தேடுவர், “யார் பொறுப்பு?” என்பது அவற்றுள் ஒன்று. நாம் பொறுப்பை அஞ்சி ஓடுவோரல்லர். பொறுப்பை ஏற்கவே அதிகாரம் கேட்கின்றோம். தவறினால் தண்டத்தையும் கட்டுவோம். ஆனால் கணக்கு எழுதும் கோல் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது!