மின்சாரப் பங்கீடும் அதனை ஆளவரும் மென்பொருளும்

கமலையும் ஏற்றமும் மறைந்து பம்பு செட்டு வந்த பிறகு, குடியானவருடைய பயிரானது மழையையும் வாய்க்காலையும் நம்பியிருப்பது போலவே மின்கம்பியையும் நம்பியிருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. பைகாரா மின்சாரம் 1932-லும், மேட்டூர் மின்சாரம் 1937-லும், பாபநாசம் மின்சாரம் 1944-லும் வந்தன. அந்நாள் தொட்டு நெடுங்காலம் ஊர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு விடும் வேலையைச் சப்-ஸ்டேஷன் ஊழியர் தம் கையால் ஸ்விட்சைப் போட்டும் எடுத்தும் செய்து வந்தார். இக்காலத்தில் அவ்வேலையை மென்பொருளிடம் ஒப்புவிக்கும் ஏற்பாடு பல தேசங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. இதை விற்பதற்கென்றே பெரிய கம்பெனிகள் உள்ளன. இஃது எஞ்சினீயர்களுடைய விஷயம், நிலம் வைத்திருப்போருக்கு இதில் என்ன என்று எண்ணுவது தவறாகும்.

இம்மென்பொருளின் வேலையை ஏரிப்பாசனம் அறிந்தவர்களுக்கு எளிதில் விளக்கலாம். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயல் நிறைந்தது, எந்த வயல் காய்கிறது என்று பார்த்து நடக்கும் நீர்க்கட்டியின் வேலையே அது. கம்பித் தடங்களில் ஆங்காங்கே வைத்த அளவுகருவிகள் வோல்டேஜையும் சுமையையும் நொடிக்கு நொடி தெரிவிக்கின்றன. மென்பொருள் கணக்கிட்டு, ஒரு தடத்துச் சுமையை மற்றொன்றுக்கு மாற்றுகிறது. வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. தேவைப்பட்டால், காற்றாலையையோ சூரிய மின் நிலையத்தையோ உற்பத்தியைக் குறைக்கும்படி தானே கட்டளையிடுகிறது. இவ்விதம் கட்டளையிடுவதால்தான் வெறுமனே பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழைய முறையினின்று இது வேறுபடுகிறது.

கிராமங்களில் இதற்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது. மும்முனை மின்சாரம் வேளைமுறையில் வரும் இடங்களில், மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்விட்சு பொருத்தி வைப்பது பெருவழக்கம். இரவு இரண்டு மணிக்குக் கிணற்றடிக்குப் போக யாருக்கும் விருப்பமிராது ஆகையால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு அது கிளம்பும்போது இழுக்கும். ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 5 குதிரைத்திறன் கொண்ட 15 மோட்டார்கள் ஓடலாம். அவை யாவும் ஒரே கணத்தில் கிளம்பினால் அது தாங்காது. வோல்டேஜ் வீழும், மோட்டார்கள் சுழலாமல் முனகும், காயில் கருகும், டிரான்ஸ்பார்மரே எரிந்து, மாற்று வரும்வரை நாற்றங்கால் காயும். இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டும் பழக்கம் இத்தொல்லையை இன்னும் கூட்டுகிறது. தடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தும், சுமையை முன்கூட்டிக் கணித்தும் இந்நஷ்டத்தை மென்பொருளால் பெரிதும் குறைக்க முடியும். (ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் வெவ்வேறு நிமிஷம் தாமதம் வைத்துக் கொண்டாலே இதில் பாதி தீர்ந்துவிடும். அதற்கு மென்பொருளும் வேண்டாம், சர்க்கார் பணமும் வேண்டாம். ஊரார் கூடிப் பேசினால் போதும்.)

எனினும் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் வேறு. இந்தச் சந்தையில் சரக்கை வாங்குகிறவர் மின் விநியோகக் கழகத்தார். அதன் கட்டளைக்கு அடங்கி நடக்க வேண்டியவர் கம்பியின் கோடியில் உள்ள குடியானவர். வாங்குபவரும் அனுபவிப்பவரும் வெவ்வேறானால், அனுபவிப்பவருடைய சௌகரியம் ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் போவது இயல்பு. போதாதபோது யார் முதலில் நிறுத்த வேண்டும் என்ற விதி மென்பொருளின் உள்ளே இருக்கிறது. அவ்விதியை யார் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பதே கேள்வி.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகள். அங்கு மாடு வளர்க்கும் குடியானவர்கள் பலர் உண்டு, காற்றுக்கோ குறைவில்லை. ஆனால் அத்தீவுகளைப் பெருநிலத்தோடு இணைப்பவை 33 கிலோவோல்ட் கடலடிக் கம்பிகள் இரண்டே. அவை நிறைந்துவிட்டபடியால் புதிய காற்றாலைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. புதுக் கம்பி போட 3 கோடி பவுன் ஆகும் என்று மதிப்பிட்டனர். அதற்குப் பதிலாக 2009-ஆம் வருஷத்தில் சுமார் 5 லட்சம் பவுன் செலவில் இத்தகைய மென்பொருளை அமைத்தார்கள். ஸ்ட்ராத்கிளைடு சர்வகலாசாலையில் பிறந்த ஆராய்ச்சியின் பயன் அது. கம்பியில் இடம் இருக்கும்போது ஆலைகள் ஓடும். நெருக்கடி வந்தால் மென்பொருள் குறைக்கச் சொல்லும். இவ்வேற்பாட்டினால் 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய உற்பத்தி அதே கம்பியில் இடம் பெற்றது. அதைச் செய்த கம்பெனியை 2021-இல் ஜப்பானிய மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தார் விலைக்கு வாங்கினார்கள். இச்சரக்கின் மதிப்பை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆனால் அங்கு வைத்த விதி, கடைசியில் வந்தவர் முதலில் நிறுத்த வேண்டும் என்பது. முன்னே இணைந்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. சிறு தீவுகளின் ஜனங்கள் ஒன்று சேர்ந்து, கடன் வாங்கி நிறுவிய பொதுக் காற்றாலைகளிற் சில வரிசையின் கடைசியில் நின்றன. நல்ல காற்றடிக்கும் நாளிலேயே அவை நிற்க வேண்டியதாயிற்று. ஈடே என்னும் தீவில் அவ்வாறு வீணாகும் மின்சாரத்தைக் கொண்டு ஹைடிரஜன் தயாரிக்கவும் முற்பட்டார்கள். 2012-க்குப் பின் புதிய இணைப்புகளுக்கு இடமில்லை என்ற நிலையும் வந்தது. இறுதியில் 220 கிலோவோல்ட் புதுக் கடலடித் தடத்துக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே மென்பொருள் கம்பிக்குச் சிறிது காலம் ஈடு கொடுக்குமேயன்றிக் கம்பியாகிவிடாது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் 2012 முதல் 2014 வரை நடந்த பரீட்சையில் அதே வகை மென்பொருளையே கையாண்டனர். விதியை மட்டும் மாற்றினார்கள். நெருக்கடியின்போது புதிதாக இணைந்த யாவரும் தத்தம் அளவுக்கு ஏற்பச் சமவிகிதத்தில் குறைக்க வேண்டும் என்றும், மொத்தம் இத்தனை மெகாவாட்டுக்கு மேல் இம்முறையில் சேர்ப்பதில்லை என்றும் முன்னரே அறிவித்தார்கள். பணம் போடுகிறவர் தமக்கு வரக்கூடிய நஷ்டத்தைக் கணக்கிட்டுக் கொண்டு இறங்க முடிந்தது.

இவ்விரு விதிகளும் தமிழ்நாட்டாருக்குப் புதியன அல்ல. பவானிசாகர் அணைக்குக் கீழே தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களின் பழைய பாசனத்துக்கே முதல் உரிமை. கீழ்பவானிக் கால்வாயின் புதுப் பாசனம் அதற்குப் பின்புதான். பற்றாக்குறைக் காலத்தில் எல்லோரும் விகிதப்படி குறைத்துக் கொள்ள வேண்டும் என்பது மற்றொரு முறை. இரண்டில் எது நியாயம் என்று ஆற்றுநீர் விஷயத்தில் எவ்வளவு வாதம் நடந்திருக்கிறது! நீருக்கு அவ்வளவு வாதாடியவர்கள் மின்சாரத்துக்கு வாய் திறவாமலிருப்பது விந்தையே.

வாய் திறக்க வேண்டிய காலமும் வந்துவிட்டது. மத்திய சர்க்கார் 2019-இல் ஆரம்பித்த குசும் திட்டத்தின்படி, தரிசு நிலம் உடையவர்கள் சப்-ஸ்டேஷனுக்கு அருகில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள சூரிய மின் நிலையம் நிறுவலாம். அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். நல்ல வெயில் இருந்து, அறுவடை முடிந்து பம்புகள் ஓடாத நாட்களில் அந்த மின்சாரத்துக்குத் தடத்தில் செலவு இராது. வோல்டேஜ் மீறி ஏறும். அப்போது நிறுத்தப்படுவது யாருடைய நிலையம்? நிறுத்திய மணிகளுக்குப் பணம் உண்டா, இல்லையா? யூனிட்டுக்கு இவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுபவர் இதைக் கேட்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 2021-இல் தொடங்கிய மத்திய விநியோகச் சீர்திருத்தத் திட்டம் இத்தகைய கண்காணிப்பு ஏற்பாடுகளை நகரங்களுக்கே வகுத்தது. நகரத்தில் விளக்கு அணைந்தால் பத்திரிகையில் வருமாதலால் அது வியப்பன்று. ஆயினும் நீண்ட தடமும், தாழ்ந்த வோல்டேஜும், எரியும் டிரான்ஸ்பார்மரும் கிராமத்தில்தான் மிகுதி. கிராமத் தடங்களில் அளவு சரியாக இல்லாததால் மென்பொருள் பயன்படாது என்பர். அது மெய்தான், அளவில்லாமல் பங்கீடில்லை. விவசாய இணைப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மீட்டர் என்றாலே கட்டணம் வந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் ஒரு மீட்டர் வைத்தால், எவருடைய பம்புக்கும் பில் போடாமலே தடத்தின் நிலை தெரியும். முதலில் செய்ய வேண்டியது அதுவே. அதைச் செய்யாமல் விலையுயர்ந்த மென்பொருளை வாங்குவது, அளவுகோல் இல்லாத ஏரிக்கு நீர்க்கட்டியை நியமிப்பது போலாகும்.

கம்பெனிகளின் விற்பனை முறையையும் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் மென்பொருள் மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசாதிருந்தால், வருஷந்தோறும் அவர்கள் கேட்ட தொகையைக் கொடுத்தே தீர வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 61968, 61970 என்ற எண்களில் பொதுவான தரமுறை வகுத்திருக்கிறது. டெண்டரில் அதைக் கட்டாயமாக்குவது அதிகாரிகளின் கடமை. செலவு கடைசியில் கட்டணத்திலோ சர்க்கார் மானியத்திலோதான் வந்து விழும்.

2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, கட்டணம் நிர்ணயிக்குமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுஜனங்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் ஆலோசிக்க வேண்டும். இவ்வறிவிப்புகள் பத்திரிகையில் வெளியாகும்போது, விவசாயச் சங்கத்தாரும் ஊராட்சித் தலைவர்களும் அவற்றைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் நலம். எங்கள் தடத்தில் முதலில் நிறுத்தப்படுவது யார், அவ்விதி எழுத்தில் எங்கே உள்ளது, நிறுத்திய மணிகளின் கணக்கை ஊராருக்கு மாதந்தோறும் காட்டுவார்களா என்று மூன்றே வரியில் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் அறிய ஆணையத்துக்கு அனுப்பலாம்.