ஓசையில்லாத பாதைகளைத் தேடுங்கள்!



உங்களில் பலருக்கு சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கும். சிலர் இப்போதுதான் குரங்கு பெடல் போட்டுப் பழகிக் கொண்டிருப்பீர்கள். "கொஞ்ச தூரம் போய்விட்டு வரட்டுமா?" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும்? "மெயின் ரோட்டுப் பக்கம் போகவே கூடாது!" என்றுதானே?

அம்மா, அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்கும் அதிகம். லாரியும் பஸ்சும் காரும் பறக்கிற சாலையில் உங்கள் சின்ன சைக்கிளுக்கு இடம் ஏது?

அப்படியானால் சைக்கிளைத் திண்ணையோரம் சாத்தி வைத்துவிட வேண்டியதுதானா? தேவையில்லை. மெயின் ரோடு மட்டும்தான் ரோடு என்று யார் சொன்னது? ஒவ்வொரு சிற்றூரைச் சுற்றியும் கண்மாய்க் கரை இருக்கிறது. வாய்க்கால் கரை இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள் போன வண்டிப் பாதைகள் இருக்கின்றன. ஒரு கிராமத்தையும் அடுத்த கிராமத்தையும் இணைக்கும் குறுகலான தார்ச் சாலைகள் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு டிராக்டரும் இரண்டு ஆட்டு மந்தைகளும் போனாலே அங்கே அதிகம்! இந்தப் பாதைகள்தான் உங்கள் சைக்கிளுக்கு ஏற்றவை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்த வேலையை ஓர் ஊரில் எவ்வளவு எளிதாகச் செய்து முடித்தார்கள் தெரியுமா? கேளுங்கள்.

ஐரோப்பாவில் பெல்ஜியம் என்று ஒரு சின்ன நாடு. பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் கால் பங்குகூட இல்லை. அங்கே லிம்பர்க் என்று ஒரு மாகாணம். அது நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. ஆனால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1992ஆம் ஆண்டில் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது.

அங்கே ஹூகோ போலன் என்று ஒரு சுரங்கப் பொறியாளர் இருந்தார். பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகள் எலி வளை போலப் பல பக்கமும் பிரியும். வழி தவறினால் ஆபத்து. அதனால் பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். எண்ணைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

போலன் யோசித்தார். பூமிக்கு அடியில் செய்ததை மேலேயும் செய்தால் என்ன? வயல்களுக்கு நடுவே போகும் பாதைகள், கால்வாய்க் கரைகள், ரயில் ஓடாமல் கிடந்த பழைய தண்டவாள வழிகள் என்று அமைதியான பாதைகள் அங்கே நிறைய இருந்தன. அவை சந்திக்கும் இடங்களில் எல்லாம் எண் எழுதிய பலகையை நட்டார்கள். அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டார்கள். 1995ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு தொடங்கியது.

சைக்கிளில் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? புறப்படும்போது ஒரு துண்டுச் சீட்டில் 7, 12, 31, 30, 7 என்று எண்களை எழுதிக்கொண்டால் போதும். பலகையைப் பார்த்தபடியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கார்கள் விரையும் சாலைப் பக்கம் போகவும் வேண்டாம். கால் வலித்தால் சின்னச் சுற்று. தெம்பு இருந்தால் பெரிய சுற்று!

இந்த ஏற்பாடு பெல்ஜியத்தின் மற்ற பகுதிகளுக்கும், பக்கத்து நாடான நெதர்லாந்துக்கும் பரவியது. லிம்பர்க்கில் மட்டுமே இன்று சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டில் அங்கே ஒரு குளத்தின் நடுவிலேயே பாதை அமைத்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் உங்கள் கண் உயரத்துக்கு நிற்கும். நடுவில் நனையாமல் சைக்கிளில் போகலாம்! சுரங்கம் மூடிய ஊர்களுக்கு இன்று வெளியூர்க்காரர்கள் சைக்கிளோடு வருகிறார்கள். அவர்களால் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வியாபாரம் நடக்கிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குளத்துப் பாதைக்குப் பணம் வேண்டும். ஆனால் முதலில் செய்த வேலைக்குப் பெரிய பணம் வேண்டியிருக்கவில்லை. இருந்த பாதைகளைத் தேடினார்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தார்கள். எண் போட்டார்கள். அவ்வளவுதான்!

"அது வெளிநாடு. நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். சைக்கிளை வைத்துப் பெரிய சாதனை செய்த ஊர் நம்மிடமே இருக்கிறதே! புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கற்றுத் தரும் இயக்கம் அது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுத் தர ஏற்பாடு செய்தார். வயலில் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் சைக்கிளில் வைத்து ஓட்டினார்கள். பஸ்சுக்காகவும் பிறர் துணைக்காகவும் காத்திருந்தவர்கள், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போனார்கள். சைக்கிள் அவர்களுக்குச் சுதந்திரம் தந்தது.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் என்று ஒரு சிறிய ஊர். அதன் அருகில்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. குன்றைக் குடைந்து செய்த சமணக் கோயிலின் கூரையில், 9ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்றும் இருக்கிறது. தாமரைக் குளம், அதில் மீன்கள், யானை, எருமை, பூப் பறிக்கும் மனிதர்கள்! அதே வட்டாரத்தில்தான் இசைக் கல்வெட்டுக்குப் பேர் போன குடுமியான்மலையும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரைச் சுற்றி அமைதியான பாதைகளுக்கு எண் போட்டால் எப்படி இருக்கும்! உங்கள் ஊரில் ஓவியம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மண் குதிரைகள் நிற்கும் ஐயனார் கோயில் இருக்கும். நீர்க்காகம் உட்காரும் கண்மாய் இருக்கும். நூறு பேர் நிழலுக்கு ஒதுங்கும் ஆலமரம் இருக்கும். காரில் போகிறவருக்கு இவை கண்ணில் படுமா?

சரி, வேலையைத் தொடங்குவோமா?

முதலில் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். "அந்தக் காலத்தில் சந்தைக்கு எந்த வழியாகப் போவீர்கள்?" என்று கேட்டாலே நாலு பாதைகள் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். வண்டிப் பாதை, வாய்க்கால் எல்லாம் அதில் குறித்திருக்கும். ஆசிரியருடன் சென்று பாருங்கள்.

பிறகு அப்பா, அண்ணன், சித்தப்பா என்று பெரியவர் ஒருவருடன் அந்தப் பாதையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆலமரத்தடிக்கு 1, கண்மாய் மடைக்கு 2, ஐயனார் கோயிலுக்கு 3 என்று எண் கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் படம் வரையுங்கள். கிணறு, ஆழமான மடை, மெயின் ரோட்டைக் கடக்கும் இடம் ஆகியவற்றைச் சிவப்புப் பென்சிலால் குறியுங்கள். பஞ்சர் ஒட்டும் கடை, குடிதண்ணீர் கிடைக்கும் இடம் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். சீமைக் கருவேல முள் டயருக்கு எமன்!

சில கட்டுப்பாடுகளும் உண்டு. தனியாகப் போகக் கூடாது. வீட்டில் சொல்லாமல் போகவே கூடாது. மழைக் காலத்தில் கரை வழுக்கும், அப்போது வேண்டாம். பிரேக்கைச் சரிபார்த்த பிறகுதான் புறப்பட வேண்டும். மெயின் ரோட்டைக் கடக்க நேர்ந்தால், இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நடமாட்டம் உள்ளவரைதான் பாதை பாதையாக இருக்கும். யாரும் போகாவிட்டால் முதலில் முள் மூடும். பிறகு குப்பை கொட்டுவார்கள். அதன்பின் வேலி வந்துவிடும். "இங்கே ஒரு பாதை இருந்தது" என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. பள்ளிக்குப் போக இனி மெயின் ரோடு ஒன்றுதான் வழி என்று ஆகிவிடும். பிளஸ் 1 படிக்கும்போது அரசு தரும் விலையில்லா சைக்கிளை நீங்களோ உங்கள் தம்பி தங்கைகளோ வாங்கும்போது, அதை ஓட்டப் பாதுகாப்பான வழி வேண்டாமா?

அதனால் நீங்கள் வரைந்த படத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். பாதையில் எங்கே முள் மூடியிருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று உங்கள் படத்தைக் காட்டி அங்கே பேசச் சொல்லி, பெற்றோரையும் ஆசிரியரையும் கேளுங்கள். பேரூராட்சியில் இருப்பவர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். குழந்தைகள் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "முடியாது" என்று சொல்வது பெரியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்!

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாதையைத் தேடிப் பாருங்கள். ஒரு பாதை, மூன்று எண்கள் போதும். அடுத்த வாரம் நாலாவது எண்ணை உங்கள் நண்பன் சேர்ப்பான். கற்ற பாடத்தை மறக்காமல் இருக்கத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம் அல்லவா? பாதையும் அப்படித்தான். போய்ப் போய்த்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். செய்வீர்கள்தானே?