கடன் அடைவது அன்றாடத்தில்



ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நோய் இருக்கலாம், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் இருக்கலாம். ஆயினும், பங்குப் பணியில் ஆண்டுகள் பல கழிந்த நிலையில், நாம் முதலில் ஐயுறுவது கடனைத்தான். கடன் கொடுத்தவர் அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பார். கோவில் வாசலில் நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிடுவார். இந்த அச்சமே ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குள்ளேயோ, கணவன் முழுத் தொகையை மனைவியிடம் சொல்லியிருக்கமாட்டான். மனைவி குழுவில் வாங்கியதைக் கணவனிடம் மறைத்திருப்பாள். பிள்ளைகள் மட்டும் எல்லாவற்றையும் அறிந்திருப்பார்கள்.

இம்மாதம் அந்தக் கடனைப் பற்றியே உங்களோடு பேச விழைகிறோம். கடன்பட்டவரைக் கண்டிப்பது நம் நோக்கமன்று. கடன் வேறு, பாவம் வேறு. பிள்ளையின் சிகிச்சைக்காகவும், மழைக்காலத்தில் வேலையற்றுக் கிடந்த நாள்களில் அடுப்பெரிவதற்காகவும் கடன்பட்டவர் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது ஒன்றே: கடன் ஏதோ ஒரு பெரிய நாளில் மொத்தமாக அடைவது அரிது, அன்றாடப் பழக்கங்களினால் சிறுகச் சிறுகவே அது அடைகிறது. அப்படி அடைக்கும் பழக்கங்களே உடலையும் இல்லற உறவையும் கூடவே காத்துவிடுகின்றன.

பெரிய நாளை எதிர்பார்த்துக் காத்திருப்போர் நம்மிடையே பலர். "சீட்டு எடுத்ததும் அடைத்துவிடுவேன்", "மகன் வளைகுடா நாட்டுக்குப் போனதும் தீர்ந்துவிடும்", "ஊரில் கிடக்கும் நிலம் விலைபோகட்டும்" என்பார்கள். இவை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் வட்டி காத்திருப்பதில்லை. அதற்கு ஞாயிறு ஓய்வும் இல்லை, திருநாள் விடுமுறையும் இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஐந்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியவர் மாதந்தோறும் 2,500 ரூபாய் வட்டி கட்டுகிறார். ஆண்டுக்கு இது 60 விழுக்காடு. 20 மாதங்களில் அவர் கட்டிய வட்டியே 50,000 ஆகிவிடுகிறது. அசலோ ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அப்படியே நிற்கிறது. இதே தொகையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில், குறைந்துவரும் அசலுக்கே வட்டி என்ற முறையில் பெற்றிருந்தால் நிலைமை என்ன? அதே 2,500 ரூபாயை மாதந்தோறும் கட்டிவர, 22 மாதங்களில் வட்டியும் அசலும் முழுவதுமாக முடிந்துவிடும். ஒரே உழைப்பு, ஒரே தொகை. ஒரு வீட்டில் கடன் தீர்கிறது. மற்றொரு வீட்டில் கடன் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே, பெட்டியில் நகை இருக்க, கௌரவம் கருதி ஐந்து வட்டிக்குக் கைநீட்டுவது அறிவுடைமை ஆகாது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகையை ஈடுவைத்து, கொடிய வட்டிக் கடனை முதலில் அடைத்துவிட வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பழைய கடனை அடைக்கவென்று பெற்ற பணத்தில் ஒரு பகுதியைப் புதுச் சேலைக்கும் கைப்பேசிக்கும் திருப்பிவிடுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு கடன் இரண்டாகிறது.

தண்டல் கணக்கையும் அறிந்துகொள்வோம். 10,000 ரூபாய் கேட்டவருக்கு 8,500 ரூபாயே கையில் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்கள் அவர் செலுத்துகிறார். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணத்தைத் திருப்பித் தந்துகொண்டிருப்பதால், அந்த 100 நாள்களில் சராசரியாக அவர் கையில் இருந்தது பாதித் தொகையே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இவ்வட்டி நூறு விழுக்காட்டையும் தாண்டிவிடும். மாதச் சம்பளக்காரர்கள் தங்களுக்கு இந்த இடர் இல்லை என்று எண்ண வேண்டாம். கடன் அட்டையில் மாத வட்டி மூன்றரை விழுக்காடு என்று கொள்வோம். 100 ரூபாய்க் கடனுக்குக் குறைந்தபட்சத் தொகையாக 5 ரூபாய் கட்டினால், அதில் மூன்றரை ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசலில் குறைவது ஒன்றரை ரூபாய். கைப்பேசிச் செயலிகள் சில நிமிடங்களில் தரும் கடனோ, வட்டியோடு நில்லாமல், நம் உற்றார் உறவினரின் தொலைபேசி எண்களையும் பற்றிக்கொண்டு மானத்தைச் சந்தைக்கு இழுத்த நிகழ்ச்சிகள் உண்டு.

வட்டியின் கொடுமை இன்று நேற்று வந்ததன்று. அதற்கு மாற்றுத் தேடிய முயற்சியும் அவ்வாறே. 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் ஊக்கத்தால் ஓர் இரக்க நிதி தொடங்கப்பட்டது. ஏழைகள் தம் பொருளை ஈடுவைத்து, நிர்வாகச் செலவுக்கான சிறு கட்டணத்தோடு கடன் பெற்றார்கள். அக்கட்டணம் முறையானதா என்ற சர்ச்சை எழுந்தபோது, 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சிற்றூர்களில் ரைஃபைசன் என்பவர், அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கங்களை அமைத்தார். அவற்றை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று. இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? எளியவர்க்கு மலிவான கடன் கிடைத்த இடங்களில், எளியவர்களே சேர்த்து வைத்த சிறு தொகைகளும் அவர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையுமே பெரிதும் முதலாக நின்றன.

இனி வீட்டுக்குள் வருவோம். நாம் அறிந்த ஒரு கொத்தனார் குடும்பம் உண்டு. சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வரும். திங்கள் காலையில் கை வெறுமையாயிருக்கும். மனைவியின் சிகிச்சைக்கு வாங்கிய ஐந்து வட்டிக் கடன் மூன்று ஆண்டுகளாக அசையாமல் நின்றது. அவர்கள் செய்த முதற்காரியம் மிக எளியது. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் இருவரும் சேர்ந்து அமர்ந்து எழுதினார்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. அன்று அவ்வீட்டில் சச்சரவு எழத்தான் செய்தது, கண்ணீரும் வந்தது. ஆயினும் மறைப்பதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லாமற் போயிற்று. அடுத்து, ஒரு மாதம் அன்றாடச் செலவையும் எழுதினார்கள். தேநீர், வடை, சிகரெட்டு, கைப்பேசி என்று நாளொன்றுக்கு 110 ரூபாய் போவது தெரிந்தது. மாதத்துக்கு 3,300 ரூபாய்! கட்டிக்கொண்டிருந்த வட்டியைவிட அது மிகுதி.

பின்னர் அந்த அம்மையார் செய்த ஏற்பாடு நம் உள்ளத்தைக் கவர்ந்தது. சமையலறையின் அஞ்சறைப் பெட்டியைப் போலவே கூலியையும் ஐந்தாகப் பிரித்தார். சோற்றுக்கு ஒன்று, வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஒன்று, கடனுக்கு ஒன்று, மருந்துக்கும் பள்ளிக்கும் ஒன்று, ஐந்தாவது, எவரும் தொடாத சிறு சேமிப்பு. சனிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், கூலி வந்த உடனேயே, பிரித்து முடித்துவிடுவார். கணவர் தூக்குவாளியில் வீட்டுச் சோற்றை எடுத்துப் போகத் தொடங்கினார். சிகரெட்டை ஒரேயடியாக அவரால் விட முடியவில்லை. நாளொன்றுக்கு எட்டு என்பது ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று, பின்னர் நின்றது. நகையை வங்கியில் வைத்துக் கொடிய கடனை முடித்தார்கள். ஈராண்டுக்குள் நகையும் வீடு திரும்பியது. கடன் தீர்ந்த நாளில் அவருக்கு இரவு இருமலும் தீர்ந்திருந்தது என்பார் அம்மையார்.

"கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு?" என்று சிலர் வினவலாம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடனை அடைத்துக்கொண்டு வரும் குடும்பம் மீண்டும் விழுவது, பெரும்பாலும், ஒரு காய்ச்சலில் அல்லது ஒரு சாவு வீட்டுச் செலவில். கையில் ஆயிரம் ரூபாய் இல்லாததால் மறுபடியும் தண்டல்காரரைத் தேடுகிறார்கள். நாளுக்கு 20 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 7,300 ரூபாய். அந்தச் சிறு தொகையே பழைய வாசலுக்குத் திரும்பாதபடி காக்கும் வேலி. அன்றியும், ஒரு கடன் முடிந்த மாதத்தில் அதன் தவணைப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடக் கூடாது. அடுத்த கடனுக்கே அது போய்ச் சேர வேண்டும்.

செலவைக் குறைக்கும்போது எதைக் குறைக்கலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை. அடுத்து பிள்ளைகளின் முட்டையும் பாலும். அதற்கும் அடுத்து தாயின் இரவு உணவு. கணவனின் மதுவும் புகையும் கடைசிவரை தொடப்படாமல் இருக்கும்! மாத்திரையில் மிச்சம் பிடித்த பணம், பக்கவாதம் வந்த அன்றைக்கு நூறு மடங்காக வெளியேறும். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன; அவற்றைப் பெறுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. அலுவலகம் செல்வோர் அருகிலுள்ள இடங்களுக்கு ஆட்டோவைத் தவிர்த்து நடந்தால், பணமும் மிஞ்சும், உடலும் தேறும். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை வைத்துவிட்டுப் படுத்தால், உறக்கமும் வரும். நள்ளிரவில் விளம்பரம் பார்த்து வாங்கும் பொருள்களும் குறையும்.

குடும்பம் மட்டும் மாறினால் போதாது. ஊரும் மாற வேண்டும். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு முந்நூறு பேருக்குப் பிரியாணியும், வண்ணப் பதாகையும் எதற்கு? திருமணத்தை எளிமையாக நடத்திய வீட்டாரைக் கஞ்சர் என்று நகைக்கும் நாவே, மறு ஆண்டு அவ்வீட்டார் கடன்பட்டால், ஊதாரி என்றும் பேசுகிறது. வசதியுள்ளோர் தம் வீட்டு விழாவை எளிமையாக நடத்தி வழிகாட்டினால், வசதியற்றோர்க்கு அதைவிடப் பெரிய தருமம் வேறில்லை.

இறுதியாக, மிரட்டலுக்கு ஆளாகி நிற்போருக்கு ஒரு சொல். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே சிறு பிள்ளைகளோடு தீக்கிரையானதை நாம் மறக்கவில்லை. அத்தகைய முடிவு எந்தக் கடனுக்கும் விலையாகாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்கு அதில் இடமுண்டு. குழுக் கடன் தவணை கேட்டுக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வீட்டு வாசலில் நிற்கலாகாது என்றும், ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியை மிஞ்சலாகாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் நெறி வகுத்தது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழகச் சட்டமன்றம் புதிய சட்டமும் இயற்றியது. ஆகவே, மிரட்டப்படுவோர் தனித்திருந்து மறுகவேண்டாம். காவல் நிலையத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ செல்லத் தயங்கினால், நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மனம் உடைந்து போயிருந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே, யாரிடமேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பங்கு இல்லத்தின் கதவு அதற்காகவும் திறந்தே இருக்கிறது.

பெற்றோர்களே, வருகிற சனிக்கிழமை மாலை ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியுமாக அமருங்கள். குற்றம் சாட்டாமல், குரல் உயர்த்தாமல், எல்லாக் கடன்களையும் எழுதுங்கள். வட்டி மிகுந்ததை முதலில் வட்டமிடுங்கள். நாளை காலை முதல் விடக்கூடிய ஒரே ஒரு வீண் செலவைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு வேண்டாம், ஒன்று போதும். எழுதி முடித்தபின் பிள்ளைகளையும் அழைத்து, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுங்கள். அந்த ஒரு வேளை உணவு, பல மாதங்களுக்குப் பிறகு, அச்சமின்றி உண்ணும் உணவாக அமையட்டும்.