சொல்லில்லாத தாலாட்டு

பொறியில் பிறந்த இசைக்கு நெஞ்சம் ஏது என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே உண்டு. இத்தாலியக் கலைஞர் ராபர்ட் மைல்ஸ் 1995-இல் வெளியிட்ட 'சில்ரன்' என்னும் டிரான்ஸ் இசைத்தட்டை அவர்கள் ஒருமுறை கேட்கட்டும்.

போர் சூழ்ந்த யூகோஸ்லாவியாவில் தொண்டாற்றித் திரும்பிய தந்தை காட்டிய குழந்தைகளின் படங்களே அதற்கு வித்து. மற்றொரு நோக்கமும் இருந்தது. அந்நாளில் இத்தாலியில் சனிக்கிழமை இரவு முழுதும் ஆடிக் களைத்த இளைஞர்கள், விடியலில் வண்டியோட்டிச் சாலையிலே மாண்டனர். அவர்களை வெறியேற்றி அனுப்பாமல், பியானோவின் மென்மையால் அமைதிப்படுத்தி அனுப்ப விரும்பினார் மைல்ஸ். எத்தனை உயிர் தப்பியது என்று யார் கணக்கிட முடியும்? ஆயினும், ஆட வைத்தவர் வீடு திரும்பும் வழியையும் எண்ணினாரே!

ரசிகர்கள் அந்தப் பியானோவை இன்றும் போற்றுகிறார்கள். ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வருகிறதே என்பது குறை கூறுவோர் வாதம். தாலாட்டில் மட்டும் மெட்டு நொடிக்கு நொடி மாறுகிறதா, என்ன?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முதலிடம் பெற்றது அத்தட்டு. அதே அச்சில் வார்த்துக் குவித்துப் பொருள் சேர்க்காமல், 2001-இல் 'ஆர்கானிக்' தொகுப்பில் வேறு பாதை தேடினார் மைல்ஸ். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 2017-இல் அவர் மறைந்தபோது வயது 47.