கயிற்றை இழுத்த நூலகர்

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் நிறப்பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் எல்லோருக்கும் ரோசா பார்க்ஸ் நினைவுக்கு வருவார். எனக்கு ஜூலியட் மார்கனும் சேர்ந்தே வருவார். பள்ளி ஆசிரியையாக இருந்து நூலகரான வெள்ளைக்காரப் பெண். தேவாலயப் பற்றுள்ளவர், கறுப்பினப் பெண்களோடு சேர்ந்து ஜெபித்தவர். மனப்பதற்றத்தால் கார் ஓட்ட முடியாமல் பேருந்திலேயே வேலைக்குப் போவார். ஒருநாள் கறுப்பினப் பெண்ணிடம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பின்வாசலில் ஏறச் சொல்லிவிட்டு, அவர் ஏறுமுன்பே ஓட்டுநர் வண்டியைக் கிளப்ப, இவர் அவசரக் கயிற்றை இழுத்துவிட்டார். அந்தத் துணிச்சல்தான் என்னை உலுக்குகிறது. 1955 டிசம்பரில், புறக்கணிப்பைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். ஊர் அவரை வசைபாடி ஒதுக்கியது. 1957இல், 43 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஊர் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 2005 வரை ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை.