ஓர் அசை மாறினால்...



உம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டர் சொன்ன ஒரு சொல்லை வீட்டுக்கு வந்து மாற்றிச் சொல்லிவிட்டால் என்னவாகும்?

‘ஹைப்போகிளைசீமிக்’, ‘ஹைப்பர்கிளைசீமிக்’ என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஹை-போ-கிளை-சீ-மிக், ஹை-பர்-கிளை-சீ-மிக். இரண்டிலும் 5 அசைகள். அழுத்தம் விழுவது 4ஆவது அசையான ‘சீ’யில். வேறுபாடு இருப்பதோ 2ஆவது அசையில். அது மெலிந்து ஒலிப்பதால் காதுக்கு எட்டாமல் நழுவிவிடுகிறது.

இவை கிரேக்க வேர்களில் பிறந்த சொற்கள். ‘ஹைப்போ’ என்றால் கீழே. ‘ஹைப்பர்’ என்றால் மேலே. ‘கிளைஸ்’ இனிப்பைக் குறிக்கும், ‘ஈம்’ இரத்தத்தை. கடைசி ‘இக்’ பெயரடை விகுதி. ஆக, முன்னது இரத்தத்தில் சீனி குறைந்த நிலை. பின்னது கூடிய நிலை.

சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் வரலாம். நினைவோடிருந்தால் சுமார் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சீனி கூடியவருக்கோ அதே சீனித்தண்ணீர் கேடு செய்யும்.

ஆகவே, சகோதரியே, கேட்க வெட்கப்படாதீர்கள். “கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா டொக்டர்?” என்று தமிழிலேயே கேளுங்கள். பதிலைத் துண்டில் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.