உல்லாசப் படகும் ஓலைக் குடிசையும் – கரையோரக் கடல்வழி யாருக்கு?

சத்துவாச்சாரியில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் மெரினா. அதை விட்டால் மாமல்லபுரம். வருடத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்துப் போய், காலை நனைத்து, சுண்டல் சாப்பிட்டுத் திரும்புவதோடு சரி. ஊரை ஒட்டிப் போகும் பாலாறு கடலில்தான் சேர்கிறது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. “தண்ணீர் இல்லாத ஆறு” என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சில் பாலாறும் ஒரு வரி. 2021 நவம்பரில் இரு கரை தொட்டு வெள்ளம் ஓடியபோதுதான் “அட, இது ஆறுதானா!” என்று மக்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு சொந்த மோட்டார் படகில் கரையோரமாகப் பல நாள் பயணம் போவதைப் பற்றிப் பேசினால் சிரிப்புதான் வரும். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கும் காலணிகள் கன்டெய்னரில் ஏறி, சத்துவாச்சாரியைத் தாண்டும் அதே தேசிய நெடுஞ்சாலை வழியாகத்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. இந்த வட்டாரத்துச் சோறே கடல் வழியாக வருகிறது. ஆகவே கடலைப் பற்றிப் பேச இந்த ஊருக்கும் உரிமை உண்டு.

யாட் என்றாலே கோபம் ஏன்?

யாட் என்ற சொல்லைக் கேட்டதும் இந்தியாவில் பலருக்கு விஜய் மல்லையா நினைவுக்கு வருவார். அவருடைய ‘இந்தியன் எம்ப்ரஸ்’ 95 மீட்டர் நீளக் கப்பல். 2018-ல் ஊழியர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் சம்பள பாக்கி என்று வழக்கு வர, மால்டா தீவில் அது பிடித்து வைக்கப்பட்டது. பிறகு ஏலத்தில் விற்கப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களே சம்பளத்துக்காகக் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்றால், யாட் என்ற சொல்லின் மீது மக்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் உலகத்தில் கரையோரமாக நெடும்பயணம் போகிறவர்களில் பெரும்பாலோர் மல்லையாக்கள் அல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி, பன்னிரண்டு பதினைந்து மீட்டர் நீளத்தில் ஒரு டீசல் படகு, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி. அவ்வளவுதான். வேகமும் பெரிதில்லை. மணிக்கு எட்டு கடல் மைல், அதாவது சுமார் 15 கிலோமீட்டர். வேலூர் டவுன் பஸ் இதைவிட வேகமாகப் போகும்!

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு நீர்வழி இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கிலிருந்து புளோரிடாவின் மயாமி வரை சுமார் 1,750 கிலோமீட்டருக்குக் கழிமுகங்களையும் உப்பங்கழிகளையும் கால்வாய்களால் இணைத்திருக்கிறார்கள். குளிர்காலம் தொடங்கும் முன் நூற்றுக்கணக்கான சிறு படகுகள் அதன் வழியே தெற்கே போகும். முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்த வழி உல்லாசப் படகுகளுக்காக மட்டும் வெட்டப்பட்டதல்ல. சரக்குத் தெப்பங்களும் இறால் பிடிக்கும் படகுகளும் அதே தண்ணீரில்தான் போகின்றன. எல்லோருக்கும் பொதுவான தெரு மாதிரி.

சென்னையிலிருந்து விழிஞ்ஞம் வரை

சரி, தமிழகத்துக்கு வருவோம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலம். அப்படி ஒரு படகு சென்னையிலிருந்து புறப்பட்டு, குமரி முனையைச் சுற்றி, கேரளத்தின் விழிஞ்ஞம் வரை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 70 கடல் மைல். அங்கிருந்து நாகப்பட்டினம் இன்னொரு 70. பிறகு கோடியக்கரை 30. அங்கே திரும்பிப் பாக் நீரிணைக்குள் நுழைந்து பாம்பன் 75. பாம்பனிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 70. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி 60. அதன்பின் விழிஞ்ஞம் 40. மொத்தம் நானூறு கடல் மைலுக்குச் சற்று மேல். பகலில் மட்டும் ஓட்டினாலும் ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். கணக்கில் பார்த்தால் சுலபம்தான்.

நடைமுறையில் அப்படியில்லை. சென்னையில் படகு நிறுத்த இடம் துறைமுகத்துக்குள்ளே இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அதை 1911-ல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது தலைவராக இருந்து அவருக்கு உதவிய அதே ஸ்பிரிங்தான். அதைத் தாண்டித் தெற்கே போனால் இரவு தங்க மீன்பிடித் துறைமுகங்களைத்தான் நம்ப வேண்டும். அங்கே விசைப்படகுகளுக்கே இடம் போதவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் காலியாக இருக்கும், ஆனால் துறைமுகம் நிரம்பி வழியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரிக்கு அந்தப் பக்கம் கொந்தளிப்பு. ஆக மிஞ்சுவது வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான்.

பாம்பனில் இன்னொரு சோதனை. பெரிய கப்பல்கள் அந்த வழியில் போகவே முடியாது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போக அவை இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றைத் தவிர்க்க 2005 ஜூலையில் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுபோனது. ஆழம் அதிகம் தேவைப்படாத சிறு படகுகளுக்குப் பாம்பன் கால்வாய் உண்டு. அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி, ரயில் பாலம் தூக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. பாலம் புதிதாகிவிட்டது. ஆனால் அதன் கீழே போகிற வழிக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு படகு நம்பி ஒதுங்க எத்தனை இடம் இருக்கிறது?

பாம்பனைத் தாண்டினால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறைகள் நிறைந்த அந்தத் தீவுகளில் நங்கூரம் போட யாரையும் விடக் கூடாது, அது சரியான விதி. கிழக்கே இலங்கையின் கடல் எல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி வந்த பிறகு, கரையோரம் தெரியாத படகு எதுவானாலும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்படுகிறது. அதையும் குறை சொல்ல முடியாது.

முன்பு இருந்த வழி

கரையோரமாகப் படகில் போவது தமிழருக்குப் புதிய ஆசை அல்ல. பக்கிங்ஹாம் கால்வாய் என்று ஒன்று இருந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகரத்துக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் நெல்லும் அதில் போயின. மனிதர்களும் போனார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே எழுதிவைத்திருக்கிறார்.

பிறகு ரயிலும் லாரியும் வந்தன. 1960-களின் புயலும் வெள்ளமும் கால்வாயை உடைத்தன. சாக்கடை கலந்தது. கடைசியில் சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின. இன்று அதைப் பார்க்கும் சிறுவனிடம் “இதில் படகு போனது” என்றால் நம்ப மாட்டான்.

ஒக்கி சொன்ன பாடம்

“பணக்காரன் படகு விட இடமில்லை என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 2017 நவம்பர் 30-ல் இருக்கிறது.

அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவான வேகம் எல்லோரையும் திகைக்க வைத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை கரையில் சொல்லப்பட்டது. கடலில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. கைபேசி சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான், சாதாரண வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும் முப்பது நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் கைவிட்டுவிடும். தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து இருநூறுக்கும் மேல். லட்சத்தீவிலும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கிய படகுகள் உண்டு. கரையில் ஓலைக் குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் காத்திருந்த பெண்களில் பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். கரையோரமாகப் பயணம் போகும் ஒரு மோட்டார் படகுக்கு என்னென்ன வேண்டும்? அன்றாட வானிலைச் செய்தி. நடுக்கடலிலும் வேலை செய்யும் தகவல் கருவி. சரியான ஆழம் காட்டும் வரைபடம். ஐம்பது அறுபது கடல் மைலுக்கு ஒரு தடவை ஒதுங்க ஒரு துறை. அங்கே டீசல், நல்ல தண்ணீர், பழுது பார்க்க ஒரு மெக்கானிக். ஆபத்தென்றால் உடனே வரும் மீட்புப் படகு.

இதில் எது மீனவனுக்கு வேண்டாதது? ஒன்றுகூட இல்லை. உல்லாசத்துக்காகப் போகிறவனுக்கு இவை இல்லாவிட்டால் அவன் பயணத்தை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருப்பான். மீனவனால் அப்படி இருக்க முடியாது. அடுத்த நாள் உலை கொதிக்க வேண்டுமே! ஆகவே ஒரு கரையில் சிறு படகு ஒன்று நிம்மதியாக முனை முதல் முனை வரை போய்வர முடிகிறதா என்பது பணக்காரர் கேள்வி அல்ல. அந்தக் கரையில் உயிருக்கு எவ்வளவு மதிப்பு என்று அளக்கும் கோல் அது.

என்ன செய்யலாம்?

இதற்காக ஊருக்கு ஊர் ‘மெரினா’ கட்டுங்கள் என்று கேட்பது தவறு. கிழக்குக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு கல்சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. உல்லாசப் படகுக்காக மீனவனின் குடிசையைக் கடலுக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஓய்வு விடுதி, படகுத்துறை என்று சொல்லி மணல்வெளியை வேலி போட்டு அடைப்பதற்கும் அதே பதில்தான். வலை காய வைக்க இடம் வேண்டும்.

செய்ய வேண்டியது இருக்கிற மீன்பிடித் துறைமுகங்களையும் முகத்துவாரங்களையும் ஒழுங்காகத் தூர்வாரி வைப்பது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் முகத்துவாரம் திறந்திருக்கும் என்பதால், பாலாற்று மணலை அள்ளுவதையும் கழிவு விடுவதையும் தடுப்பதும்கூடக் கடல் சம்பந்தப்பட்ட வேலைதான். வேலூர்க்காரர்களுக்கு இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு துறையிலும் மீன்படகுக்கு முதல் இடம். மீதி இருந்தால் வருகிற விருந்தாளிப் படகுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று இடம். அந்தப் பணம் அதே துறையின் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் போகட்டும். விருந்தாளியும் ராத்திரியில் வலைமேல் ஓட்டி அறுக்காமல், கழிவைக் கடலில் கொட்டாமல் நடந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் வயலில் வரப்பு மேல் நடப்பது மாதிரி.

நல்ல தொடக்கம் ஒன்றும் நடந்திருக்கிறது. மீன்பிடிப் படகுகளில் ஒரு லட்சம் தகவல் கருவிகள் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் சுமார் 360 கோடி ரூபாயில் தொடங்கியது. சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்வரும் கருவி அது. ஒக்கி அடித்து ஏழு வருடம் கழித்து வந்தது என்றாலும், வந்ததை வரவேற்கத்தான் வேண்டும். கருவி கொடுத்தால் மட்டும் போதாது. “புயல் வருகிறது, ஒதுங்கு” என்று செய்தி வந்தால், ஒதுங்குவதற்குப் பக்கத்தில் ஒரு துறை இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கரை அமைந்தால், சத்துவாச்சாரியிலிருந்து ஒரு குடும்பம் டிக்கெட் எடுத்து நாகப்பட்டினத்துக்குப் படகில் போகும் காலமும் வரலாம். பாரதிதாசன் காலத்தில் மாமல்லபுரம் வரை முடிந்தது இன்று ஏன் முடியாது? ஆனால் முதல் படகு மீனவனுடையதாக இருக்கட்டும். அவன் பத்திரமாகத் திரும்பி வரும் கடலில் மற்றவர்கள் உல்லாசமாகப் போவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.